அரங்கேறிய காதலும் அரங்கேறாத சரித்திரமும்



பழைய காலத்தைக் கதைக்களமாகக் கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்நாளில் தயாரிக்கப்படும் தொலைக்காட்சி நாடகங்களில் காதல் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்பதையும், அந்தக் காதலர்களாக நடிக்கப் பல நிறத்தவரும் பல இனத்தவரும் தேர்ந்தெடுக்கப்படுவதைப் பற்றி எழுந்திருக்கும் விவாதத்தையும் குறித்துப் பேசுமாறு இம்மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு நாடகத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். சரித்திர நூல் ஒன்றைப் படிப்பவர் ஆயிரவராயின், சரித்திர நாடகம் ஒன்றைப் பார்ப்பவர் கோடிக்கணக்கானவர். கடந்த காலம் எப்படி இருந்தது, அதில் யார் யாருக்கு இடம் இருந்தது என்னும் எண்ணம் பெரும்பாலோர் மனத்தில் இந்நாடகங்களின் வாயிலாகவே பதிகின்றது. ஆகையால், இவற்றைப் பரிசீலிப்பது நம் காலத்தின் சிந்தனையையே பரிசீலிப்பதாகும் என்பது என் துணிபு.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். 2020-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று நெட்பிளிக்ஸ் வெளியிட்ட 'பிரிட்ஜர்டன்' என்னும் தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஜூலியா குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2000-ஆம் ஆண்டு முதல் எழுதிய எட்டுக் காதல் நாவல்களைத் தழுவி, ஷோண்டா ரைம்ஸ் அம்மையாரின் நிறுவனத்துக்காகக் கிறிஸ் வான் டூசன் உருவாக்கிய தொடர் அது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கியிருக்க, அவருடைய மூத்த குமாரர் ராஜப்பிரதிநிதியாக 1811 முதல் 1820 வரை அரசு செலுத்திய காலமே கதையின் காலம். முதற்பருவம் 1813-ஆம் ஆண்டு லண்டனில் நடக்கிறது. வெளிவந்த முதல் இருபத்தெட்டு நாட்களில் 8 கோடியே 20 லட்சம் குடும்பங்கள் அதைப் பார்த்ததாக நெட்பிளிக்ஸ் அறிவித்தது.

குவின் அம்மையாரின் நாவல்களில் வரும் பிரபுக்களும் பிரபுகுலப் பெண்களும் வெள்ளையர்கள். தொடரிலோ, ஹேஸ்டிங்ஸ் கோமகனாக நடித்த ரெஜே-ஜான் பேஜ், ஜிம்பாப்வே நாட்டுத் தாய்க்கும் ஆங்கிலத் தந்தைக்கும் பிறந்தவர். நாவல்களில் பாத்திரமாக வராத சார்லட் மகாராணியைத் தொடரில் புகுத்தி, கயானாவில் பிறந்த கோல்டா ரோஷூவெல்லை அந்த வேடத்தில் அமர்த்தினார்கள். ராணியின் வெண்முடிக் கோபுரங்களில் ஆப்பிரிக்கப் பெண்களின் பின்னல்களும் சுருள்களும் இடம்பெற்றன. ஐரோப்பிய அரண்மனைச் சிகையலங்காரத்தைக் கறுப்பினப் பெண்ணின் தலைமேல் வெறுமனே கவிழ்த்துவிடாமல், அவளுடைய சொந்தக் கூந்தலின் இயல்பிலிருந்தே ராஜகம்பீரத்தை எழுப்பிக் காட்டிய அந்த ஒப்பனைக் கலைஞர்களின் சிரத்தையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதற்கு எழுந்த முதல் ஆட்சேபம், சரித்திரத்தைத் திரித்துவிட்டார்கள் என்பது. ஆட்சேபிப்பவர் எல்லோரையும் துவேஷிகள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. உண்மையின்மேல் உள்ள பற்றினால் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், இந்தக் கதைகள் எந்த நாளில் சரித்திரமாக இருந்தன என்று அவர்களை நான் பணிவுடன் கேட்க விரும்புகிறேன். ஜார்ஜெட் ஹேயர் அம்மையார் 1935-ஆம் ஆண்டில் 'ரீஜென்சி பக்' என்னும் நாவலை வெளியிட்ட காலந்தொட்டு வளர்ந்து வந்த இந்த இலக்கிய வகையில், இளமையும் எழிலும் வாய்ந்த கோமகன்கள் தெருவுக்கு ஒருவராக உலாவுகிறார்கள். இங்கிலாந்தில் அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. நாடகத்தின் நடனவிருந்துகளில் வயலின்கள் நம் காலத்துப் பாப் பாடல்களை வாசிக்கின்றன. இவையெல்லாம் மனத்தை உறுத்தாமல், ஒரு கோமகனின் மேனி நிறம் மாத்திரம் உறுத்துமாயின், அந்த உறுத்தலுக்குக் காரணம் சரித்திரப்பற்றுதானா என்பதை அவரவர் தம் நெஞ்சையே கேட்டுத் தெளியவேண்டும்.

நடிகரைத் தேர்ந்தெடுப்பதில் இன்று இரு நெறிகள் வழங்குகின்றன. நிறத்தைக் கணக்கிலேயே கொள்ளாமல், வேடத்துக்கு ஏற்ற ஆற்றல் உடையவரை அமர்த்துவது ஒன்று. அர்மாண்டோ இயனுச்சி 2019-இல் எடுத்த திரைப்படத்தில் டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டாக தேவ் படேல் நடித்தது அந்த நெறிப்படி. அங்கே கதை நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் மீசை அரும்பாத பையன்கள் ஸ்திரீபார்ட் வேடம் புனைந்து வந்தபோது சபையினர் அவர்களை வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் ஏற்றுக் கண்ணீர் உகுத்தார்களே, அந்த ரஸிக உள்ளம் இதற்கும் போதும். மற்றொரு நெறி, நிறத்தையும் கதையின் ஓர் அம்சமாக்கி, இந்தப் பாத்திரம் இந்த நிறத்தவராக இருப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் காட்டுவது. 'பிரிட்ஜர்டன்' இந்த இரண்டாம் நெறியைச் சேர்ந்தது. நான் அதை வியந்து பாராட்டுவதும், பின்னால் அதனோடு மாறுபடுவதும் இந்த நெறியை முன்னிட்டே.

முதலில் பாராட்டு. பல்லாண்டுக் காலமாக ஆங்கில சரித்திர நாடகங்களில் மாநிறத்தவரும் கறுப்பினத்தவரும் தோன்றாமல் இல்லை. கதவைத் திறந்துவிடும் ஏவலாளராக, பல்லக்குத் தூக்குபவராக, சாட்டையடி படும் அடிமையாக, சிப்பாயாக, ஆயாவாகத் தோன்றினார்கள். அவர்கள்மேல் இரக்கம் காட்டப்பட்டதுண்டு. எவரும் அவர்களுக்காக ஏங்கியதில்லை. காதற்கதையின் நாயகியாவது என்றால் என்ன? அவள் வரவை ஒருவன் எதிர்பார்த்து நிற்கிறான். அவள் கோபித்தால் கதை தவிக்கிறது. அவள் சிரித்தால் கதை மலர்கிறது. அவளுடைய சிறு மௌனத்துக்குக்கூட அர்த்தம் தேடிப் பார்ப்போர் அனைவரும் முன்சாய்ந்து அமர்கிறார்கள். ஒரு பெண்ணின் அகவாழ்வு அத்தனை பெருமதிப்பு உடையது என்று ஒப்புக்கொள்ளும் கலைவடிவம் காதற்கதை. அந்த மதிப்பு, உரிமையில்லாதவர்கள் என்று நெடுங்காலம் கருதப்பட்டவர்களுக்கு வழங்கப்படும்போது, அதைச் சில்லறை விஷயமாக என்னால் எண்ண இயலவில்லை.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த இரண்டாம் பருவத்தைக் கருதுங்கள். மூலநாவலில் கேட் ஷெஃபீல்டு என்னும் ஆங்கிலப் பெண்ணாக இருந்தவள், தொடரில் பம்பாயிலிருந்து தங்கையுடன் லண்டனுக்கு வந்த கேட் சர்மா ஆனாள். கேட்டாக நடித்த சிமோன் ஆஷ்லியும், தங்கை எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிரிட்டனில் பிறந்த பெண்கள். அப்பருவத்தில் ஒரு காட்சி: தமக்கை பின்னால் அமர்ந்து தங்கையின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுகிறாள். வசனத்தால் விளக்கம் சொல்லப்படவில்லை. இது எங்கள் நாட்டு வழக்கம் என்று யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நம் வீட்டுத் திண்ணையில் நடக்கும் காரியம், லண்டன் மாளிகை ஒன்றின் பட்டுத்திரைகளுக்கு நடுவே, அதே பாந்தவ்யத்துடன் நடக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய திரையில் கரிய மேனியளான ஒரு பெண், தன் கருமைக்குச் சமாதானம் சொல்லாமல், காதல் கதையின் நடுநாயகமாக நின்றாள்.

இந்த இடத்தில் நம் வீட்டையும் சற்று நோக்குவது கடமை. கறுத்த மக்கள் பெரும்பான்மையாக வாழும் இத்தமிழ்நாட்டில், சின்னத்திரைக்கும் பெரிய திரைக்கும் நாயகிகளைத் தேடி நம் தயாரிப்பாளர்கள் வெளுத்த மேனியை நாடித் தொலைதூரம் சென்றுவருகிறார்கள். கறுப்புப் பெண் ஒருத்தியின் கதை என்று சொல்லிக்கொண்டே, வெளுத்த பெண்ணின் முகத்துக்குக் கரிய பூச்சுப் பூசி நடிக்கவைத்த தொடரையும் நாம் கண்டோம். தமிழ்ப் பெண்ணின் இயற்கை நிறம் காதலுக்கு உரிய நிறந்தான் என்று நிரூபிப்பதற்கு லண்டன் கோமான்களின் கதை வேண்டியிருந்தது என்பது, நாம் வருந்தித் திருத்திக்கொள்ள வேண்டிய குறை.

இனி, மாறுபாட்டுக்கு வருகிறேன். சிறிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்மா என்ற வடநாட்டுப் பெயர் கொண்ட இக்குடும்பத்துப் பெண்கள் தந்தையை அப்பா என்கிறார்கள். தங்கை தமக்கையை தீதீ என்கிறாள். மணத்துக்குமுன் மஞ்சள் பூசும் சடங்கு நடக்கும்போது ஒரு ஹிந்தித் திரைப்படப் பாட்டின் மெட்டு வயலினில் ஒலிக்கிறது. பாரதத்தின் நான்கு மூலைகளையும் ஒரே வீட்டில் குடியேற்றிவிட்டார்கள். ஆங்கிலேயரின் மாகாண வேறுபாடுகளையும் பட்ட வரிசைகளையும் அணுவளவும் பிசகாமல் காக்கத் தெரிந்தவர்கள், நம் நாட்டு வேறுபாடுகளையும் அதே சிரத்தையுடன் அறிந்திருக்கலாம். ஆனால், இது அடுத்த முயற்சியில் திருந்திவிடக்கூடிய பிழை.

பெரிய குறை வேறு. இங்கிலாந்தின் பிரபுக்களிடையே கறுப்பினத்தவர் எவ்வாறு கோமகன்கள் ஆனார்கள் என்பதற்குத் தொடர் ஒரு காரணம் கூறுகிறது. வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்து வாழ்ந்தார்கள். மன்னர் ஒரு கறுப்பினப் பெண்ணைக் காதலித்து மணந்தார். அந்தக் காதலால் பேதம் அகன்றது, பட்டங்களும் நிலங்களும் வந்தன என்கிறாள் தொடரில் வரும் பிரபுகுல மாது லேடி டான்பரி. 2023-இல் வெளிவந்த 'குயின் சார்லட்' என்னும் கிளைத்தொடர் அந்தக் காரணத்தையே முழுக்கதையாக விரிக்கிறது. சார்லட் ராணியின் தொலைதூர மூதாதையரில் ஆப்பிரிக்க வம்சத்தவர் ஒருவர் இருந்தார் என்று வாதித்தவர் உண்டு. சரித்திராசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. அந்த வம்சாவளி வழக்கு எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை. ஓர் அரசனின் உள்ளம் உருகியதால் நிறபேதம் கரைந்துபோயிற்று என்னும் உபதேசம்தான் எனக்கு உடன்பாடாகவில்லை.

ஏனெனில், வாஸ்தவத்தில் நடந்தது அதுவன்று. பிரிட்டனின் அடிமை வாணிபம் 1807-இல் சட்டத்தால் ஒழிந்தது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் நிறைவேறிற்று. ஆகவே, ஹேஸ்டிங்ஸ் கோமகன் நடனமாடும் 1813-ஆம் ஆண்டில், ஜமைக்காவின் கரும்புக் காடுகளில் அவன் நிறத்தவர் லட்சக்கணக்கில் உடைமைப் பொருளாக இருந்தார்கள். அந்த நடனவிருந்தின் மேஜைகளில் குவித்த பலகாரங்களின் சர்க்கரை அங்கிருந்து வந்தது. அடிமைத்தளை அறுந்ததற்கு, முன்னாள் அடிமையான ஒலவுடா எக்வியானோ 1789-இல் தம் வாழ்க்கையை எழுதி வெளியிட்டதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சர்க்கரையைப் பகிஷ்கரித்ததும், ஹெயித்தியிலும் ஜமைக்காவிலும் அடிமைகளே கிளர்ந்தெழுந்ததும் காரணங்கள். முடிவில் பார்லிமெண்டு 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கிற்று. பெற்றுக்கொண்டவர்கள் அடிமைகள் அல்லர், அடிமைகளை வைத்திருந்த எஜமானர்கள். இத்தனை போராட்டத்தையும் ஒரு திருமணத்தின் கணக்கில் எழுதிவிடுவது, போராடியவர்களின் ஊதியத்தைப் பறித்து அரசனுக்குப் பரிசளிப்பதாகும்.

காதல் பேதங்களைக் கடந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். கடந்திருக்கிறது. ஆனால், கடந்தபின் என்ன நேர்ந்தது என்பதில்தான் சரித்திரத்தின் பாடம் இருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் சபையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெஸிடெண்டாக இருந்த ஜேம்ஸ் அக்கிலீஸ் கர்க்பாட்ரிக், அந்நகரத்துப் பிரபுகுலத்தில் பிறந்த கைருன்னிஸா என்னும் இளம்பெண்ணைக் காதலித்து, 1800-ஆம் ஆண்டையொட்டி, இஸ்லாமிய முறைப்படி மணந்தார். கவர்னர்-ஜெனரல் வெல்லெஸ்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். பதவியே பறிபோகும் நிலை வந்தது. அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். 1805-இல், சின்னஞ்சிறு பருவத்தினரான அவ்விரு குழந்தைகளையும் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் கப்பலேறிய துறைமுகம் நம் சென்னைப் பட்டணம்.

கப்பல் புறப்படுவதற்குமுன், ஜார்ஜ் சின்னரி என்னும் ஓவியர் அக்குழந்தைகளைச் சென்னையில் வைத்துத் தீட்டிய படம் இன்றும் இருக்கிறது. ஹைதராபாத் அரண்மனை உடையில், படிகளின்மேல் அண்ணனும் தங்கையும் நிற்கிறார்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வந்த அந்தப் பிஞ்சு முகங்களைப் பார்த்துவிட்டு, காதல் சகலத்தையும் வென்றுவிடும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் கர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். கைருன்னிஸா அதன்பின் சில ஆண்டுகள் மசூலிப்பட்டணத்தில் நாடுகடத்தப்பட்டவளாக வாழ்ந்து, ஊர் திரும்பி, குழந்தைகளை மறுபடி காணாமலே, முப்பது வயதுகூட நிரம்பாமல், 1813-இல் கண்மூடினாள். 'பிரிட்ஜர்டன்' காதலர்கள் கைகோத்து ஆடும் அதே ஆண்டு அது. அதே ஆண்டில்தான் ஜேன் ஆஸ்டனின் 'பிரைடு அண்ட் பிரஜுடிஸ்' அச்சேறியது. அதே ஆண்டில்தான் பார்லிமெண்டு கம்பெனியின் சாஸனத்தை மேலும் இருபது ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது.

எல்லாக் கதைகளும் துயரத்தில் முடிந்தன என்றும் சொல்வதற்கில்லை. பாட்னாவில் 1759-இல் பிறந்து, கம்பெனிப் பட்டாளத்தில் ஊழியம் செய்து, அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குச் சென்ற ஷேக் தீன் முகமது, அங்கே ஜேன் டாலி என்னும் பெண்ணைக் காதலித்து, 1786-இல் உடன்போக்காக அழைத்துச் சென்று மணந்தார். 1794-இல் தம் யாத்திரைகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1810-இல் லண்டனில், செல்வர்கள் வாழ்ந்த போர்ட்மன் சதுக்கத்தின் அருகே, ஹூக்காவும் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும் காப்பி விடுதி ஒன்றைத் திறந்து நடத்தினார். அது கடனில் மூழ்கியபின் பிரைட்டன் கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடும் வைத்தியமும் நடத்திப் பேர்பெற்றார். எந்த ராஜப்பிரதிநிதியின் காலத்தில் நம் தொடர் நடக்கிறதோ, அவரே நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனபோது முகமதின் வைத்தியத்தை நாடினார். கற்பனைச் சர்மா குடும்பத்திலும் ஒரு கலப்பு மணம் உண்டு: பிரபுகுலத்து மேரி ஷெஃபீல்டு இந்தியக் குமாஸ்தா ஒருவரை மணந்து பம்பாய்க்குப் போய்விட்டதாகக் கதை. ஆனால் பெற்றோரின் சினத்துக்கு அங்கே காரணம் மாப்பிள்ளையின் உத்தியோகம். அவர் நாட்டைக் கம்பெனி ஆண்டுகொண்டிருந்தது என்ற உண்மைக்குக் கதைப்போக்கில் வேலையே இல்லை. தீன் முகமதின் மெய்யான வாழ்வு இதைவிட எத்தனை சுவையும் எத்தனை உரமும் உடையது!

ஆஸ்டன் அம்மையாரின் குடும்பக்கதையும் நம் கரையைத் தொட்டே செல்கிறது. அவருடைய தந்தையின் சகோதரி ஃபிலடெல்ஃபியா, பெற்றோரை இழந்து, சீதனம் இல்லாதவளாய், 1752-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு கடலூரில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் வைத்தியர் ஹான்காக்கை மணந்தாள். மணவாளன் தேடிக் கீழ்த்திசைக்கு அனுப்பப்பட்ட பெண்களின் பரிதாபத்தை ஆஸ்டன் தம் இளமையில் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையில் தொட்டிருக்கிறார். கேட் சர்மாவின் தங்கை பம்பாயிலிருந்து மாப்பிள்ளை தேடி லண்டன் சேர்கிறாள்; மெய்யான சரித்திரத்தில் கப்பல் எதிர்த்திசையில் ஓடியது. அதே ஆஸ்டன், தம் கடைசி ஆண்டான 1817-இல் எழுதத் தொடங்கி நிறைவேறாமல் போன 'சாண்டிடன்' நாவலில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கலப்பினச் செல்வப்பெண் ஒருத்தியைப் பாத்திரமாக்கினார். 2019-இல் அதைத் தொலைக்காட்சிக்கு ஆக்கியவர்கள் மிஸ் லாம்ப் என்னும் அப்பெண்ணுக்கு விரிந்த இடம் கொடுத்து, அவளை நாடிவரும் ஆடவர்கள் அவளை நேசிக்கிறார்களா, அவள் சொத்தை நேசிக்கிறார்களா என்ற வேதனையையும் பேசினார்கள். பல நிறத்து மாந்தரைப் பழைய காலத்தில் காண்பது இக்காலத்தவரின் வலிந்த கற்பனை என்பார்க்கு, ஆஸ்டனின் பேனாவே போதிய விடை.

ஆகவே, அன்பர்களே, என் அபிப்பிராயத்தைத் தொகுத்துக் கூறுகிறேன். எல்லா நிறத்தவரும் எல்லாக் காலத்துக் காதலர்களாகவும் நடிக்கட்டும். அந்தக் கதவு திறந்ததை நான் மனமார வரவேற்கிறேன், அது இனி மூடப்படலாகாது. ஆனால், முகத்துக்கு இடம் தந்தவர்கள் அம்முகத்தின் முன்வரலாற்றுக்கும் இடம் தரவேண்டும். காரணமே கூறாமல் விட்டாலும் குற்றமில்லை. நாடகத்தின் சம்பிரதாயம் என்று கொள்வோம். காரணம் கூறப் புகுந்தால் மெய்யான காரணத்தைக் கூறவேண்டும். கண்ணீரைக் காட்டினால் காதற்சுவை கெடும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சவேண்டியதில்லை. எதிர்ப்பு எத்தனை கொடியது என்று அறிந்த பிறகே இருவர் கரம் பற்றியதன் அருமை நமக்குப் புலனாகிறது. பிரிவை அறியாத புணர்ச்சிக்கு நம் அகப்பாடல் மரபிலும் சிறப்பில்லை.

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். கைருன்னிஸாவின் கதையை வில்லியம் டால்ரிம்பிள் 2002-இல் 'வொயிட் முகல்ஸ்' என்னும் நூலில் எழுதினார். அது போன்ற வாழ்வுகள் இன்னும் எத்தனையோ, கம்பெனி ஆட்சியின் காகிதங்களுக்குள் பெயர் தெரியாமல் கிடக்கின்றன. அக்காகிதங்களில் ஒரு பெரும்பகுதி எங்கோ லண்டனில் மட்டும் இல்லை. நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் அடுக்கடுக்காக இருக்கின்றது. கோட்டைக்கும் கறுப்பர் பட்டணத்துக்கும் நடுவே யார் யாரை மணந்தார்கள், பிறந்த மக்கள் என்ன ஆனார்கள், எந்தப் பெண் எந்தத் துறைமுகத்தில் குழந்தையைப் பறிகொடுத்தாள் என்பதெல்லாம் உயில்களிலும் மனுக்களிலும் ஞானஸ்நானப் பதிவுகளிலும் தேடத்தக்கவை. பிறர் எழுதிய கதையில் நம் பெண்கள் நாயகிகளாக நிற்கக் கண்டு மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. இனி, நாடகம் எழுத விரும்பும் உங்களில் சிலராவது அந்தக் காப்பகத்தின் வாசற்படி ஏறி, அனுமதிச் சீட்டைப் பெற்று, ஒரு கட்டை அவிழ்த்துப் படிக்கத் தொடங்குங்கள்.